டிப்போவின் முறை

பஸ் டிப்போவில் சீட் தைக்கப் போன முதல் வாரமே தம்பி அவளை "டிப்போ" என்று கூப்பிட்டான். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் காதோரம் நரைத்துவிட்ட இந்த வயதில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் "என்ன?" என்பாள். தம்பி பிள்ளைகளுக்கு அவள் டிப்போ அத்தை. அக்காவுக்கு "ஏ டிப்போ". கணவருக்கு மட்டும் "இந்தாம்மா". அவர் அதற்கு மேல் பேசுகிற மனிதர் இல்லை.

அந்தக் குடும்பத்தில் ஊசி பிடிக்காத கை கிடையாது. அப்பா தையல் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் கடையிலேயே தவழ்ந்து, கடையிலேயே பாடம் படித்து, பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து வளர்ந்தவர்கள். பெரியக்கா மணப்பெண் உடை தைப்பதில் கெட்டிக்காரி. அவள் கைபட்ட உடைதான் வேண்டும் என்று கல்யாணத் தேதியையே தள்ளிப் போட்டவர்கள் உண்டு. தம்பி பள்ளிச் சீருடை தைக்கிறான். நடுவில் பிறந்த இவளுக்கு மட்டும் கை கொஞ்சம் கனம். மெல்லிய துணியைக் கொடுத்தால் சுருக்கிவிடுவாள், ஊசியை ஒடித்துவிடுவாள். "உன் கை இரும்பும்மா, பட்டுத் துணி பாவம்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. அப்போதெல்லாம் அக்கா மிஷினில் உட்கார்ந்திருப்பாள். பெரிய துணி தரையில் புரளாமல் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பது இவள் வேலை. பல வருஷம் அக்காவின் முதுகையும் துணியின் மறுபக்கத்தையும் பார்த்தபடியே நின்றிருக்கிறாள்.

அப்புறம் டிப்போவில் கிழிந்த சீட் தைக்க ஆள் கேட்டார்கள். போனாள். அங்கே இருந்த மிஷினைப் பார்த்ததும், தனக்காகவே செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ரெக்ஸினை வெண்ணெய் மாதிரித் துளைக்கும் ஊசி, மெழுகு பூசிய நூல், அழுத்தினால் உறுமுகிற மோட்டார். ஒடிப்பதற்கு ஒன்றும் இல்லை. இரும்புக் கைக்கு இரும்பு வேலை கிடைத்துவிட்டது. அந்த ஊரில் ஓடுகிற பஸ்களில் பாதிக்கு மேல் அவள் தைத்த சீட்தான். எந்த பஸ்ஸில் ஏறினாலும் உட்காரும் முன் சீட்டின் ஓரத்தை ஒரு விரலால் இழுத்துப் பார்ப்பாள். தையல் விடாது. அவளுக்குச் சின்னதாக ஒரு பெருமூச்சு வரும். அது பெருமை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை; அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவிடம் யாராவது, "உங்க தங்கச்சியும் தையல்தானா?" என்று கேட்டால், "தங்கச்சிக்கு பஸ் கம்பெனியில வேலை" என்பாள். பொய் இல்லைதான். கேட்டவர்கள் டிக்கெட் கொடுக்கிறாள் என்றோ, ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள் என்றோ நினைத்துக்கொண்டு போவார்கள். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன விரல்கள் டிப்போவுக்கு. ஆனாலும் இது சுருக்கென்று குத்தும். அக்கா வாயால் ஒரே ஒரு தடவை "தையல்காரி" என்று கேட்டுவிட வேண்டும். இருபது வருஷமாக அவளுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அந்தக் குடும்பம் ஓர் இடத்தில் கூடும். ஊருக்கு வெளியே, விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி விடுதியை நான்கு நாளுக்கு எடுப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்து நீள மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவரவர் மிஷினைக் கொண்டுவந்து வரிசையாகப் போடுவார்கள். இதற்குத் தையல் முகாம் என்று பெயர். பெரியக்கா புருஷன், அப்பா கடையிலேயே இஸ்திரி போட்டு வளர்ந்த மாமா, அதைச் சண்டை முகாம் என்பார். பல் போன சித்தப்பா முதல் தம்பியின் கைக்குழந்தை வரை எல்லோரும் வருவார்கள். கடைசி நாள் மதியம் பஸ் ஏறுவதற்குள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு ஒட்டுப்போர்வை தைத்து முடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சதுரம். குழந்தைக்கும் உண்டு, அதன் பாதத்தைத் துணியில் வைத்து வரைந்து, அம்மாக்காரி தைத்துக் கொடுப்பாள். வீட்டில் கடைசியாகப் பிறந்தது எதுவோ, போர்வை அதற்குப் போகும்.

இரண்டு சட்டம் உண்டு. மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்தில் பரப்பும் வரை அடுத்தவர் சதுரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்தவர் தையலைப் பிரிக்கவோ வெட்டவோ கூடாது. அது அப்பா கடையில் போட்ட சட்டம். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் தலைமை. துணி எடுப்பது, அளவு சொல்வது, சேர்த்துத் தைத்து முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வருஷம் தம்பி தலைமை ஏற்றுப் பாதியில் விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் அரைப்போர்வை. பள்ளிக்கூடத்தில் சீருடை அளவெடுக்கப் போனால்கூட மாமா, "அரைப்போர்வை, கிளம்பியாச்சா?" என்று தெருவே கேட்கக் கத்துவார்.

டிப்போவின் முறை வரும்போதெல்லாம் அது எப்படியோ அவளைத் தாண்டிப் போய்விடும். "சீட் தைக்கிறவளுக்குப் பூத்துணி எங்க பிடிபடும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அக்கா முடித்துவிடுவாள். இந்த வருஷம் அவள் யாரையும் கேட்கவில்லை. விடுதிக்கு முன்பதிவு செய்துவிட்டு, துணியும் எடுத்துவிட்டு, அப்புறம்தான் எல்லோருக்கும் சொன்னாள். அக்கா "சரி" என்று மட்டும் சொன்னாள். அது சம்மதமா கோபமா என்று மாமாவுக்கே தெரியவில்லை.

அவளுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. அதைச் சொல்லுமுன் அந்தக் குடும்பத்து அளவு நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் நாடாவில் முதல் அங்குலம் எப்போதோ இஸ்திரிப் பெட்டியில் பொசுங்கிவிட்டது. பொசுங்கியதை வெட்டி எறிந்துவிட்டு அவர் அதையே வைத்துக்கொண்டார். நாடா ஒன்றில் தொடங்கும். ஆகவே எட்டு அங்குலம் வேண்டுமென்றால் ஒன்பதில் வெட்ட வேண்டும். "ஒண்ணு கூட்டி" என்பதுதான் பிள்ளைகள் கடையில் கற்ற முதல் பாடம். அந்த நாடா நைந்து போன பிறகாவது விட்டார்களா? இல்லை. புது நாடா வாங்கினால் முதல் வேலையாக அந்த ஓர் அங்குலத்தை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் கழுத்தில் மாட்டுவார்கள். எட்டுப் பேருக்கு டீ போடச் சொன்னால் ஒன்பது டம்ளர் வைப்பார்கள். வெளியிலிருந்து வந்த மருமக்களும் சின்னப் பிள்ளைகளும்தான் பாவம். வருஷா வருஷம் அவர்கள் சதுரம் சின்னதாகிப் போகும், வருஷா வருஷம் "ஒண்ணு கூட்டலையா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். போன தடவை டிப்போவின் கணவர் மாட்டினார். அவர் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் ஆளுக்கொரு புது நாடா வாங்கி வந்தாள், வெட்டாமல், முழுசாக. முதல் நாள் காலையில் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னாள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. இந்த வருஷம் முழு நாடா. ஒண்ணு கூட்ட வேண்டாம். சதுரம் எட்டு அங்குலம், எட்டுல வெட்டினாப் போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். காது சரியாகக் கேட்காத சித்தப்பாகூட பலமாக ஆட்டினார். மூன்று நாள் கூடம் முழுக்க மிஷின் சத்தம், இஸ்திரி ஆவி வாசனை, கத்தரிக்கோலைக் காணோம் என்ற கூப்பாடு. டிப்போ ஓடி ஓடி நூல் கொடுத்தாள், பாபின் சுற்றினாள். நடுவில் தன் சதுரத்தையும் தைத்தாள். பூ இல்லை, கொடி இல்லை. சீட்டில் போடுவது போல நேர் நேராகக் கோடுகள். அவளுக்கு வருவது அதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்துத் தரையில், போர்வைக்கு அடியில் போகும் வெள்ளைத் துணியை விரித்து எல்லோரும் சதுரங்களைப் பரப்பினார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தம்பி மகள் வாலு, பெயருக்கு ஏற்ற பிள்ளை, தான் தைத்த மீனைக் கொண்டுபோய்ப் பெரியக்காவின் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அத்தை, என் மீன் மட்டும் ஏன் குட்டியா இருக்கு?"

டிப்போ குனிந்து பார்த்தாள். மீன் மட்டும் இல்லை. அவள் கணவருடையது சின்னது. குழந்தையின் பாதம் சின்னது. அவளுடையதும் சின்னது. அக்காவுடையது பெரிது, தம்பியுடையது பெரிது, மாமா, சித்தப்பா எல்லாம் பெரிது. அவளைத் தவிரக் கடையில் வளர்ந்த கை அத்தனையும், நாற்காலி மேல் நின்று அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, தலையையும் ஆட்டிவிட்டு, நேராகப் போய் ஒன்பதில் வெட்டியிருக்கிறது.

"ஒண்ணு கூட்ட வேண்டாம்னு சொன்னேனே" என்றாள்.

"சொன்னே" என்றான் தம்பி. "நானும் சரின்னேன். கை கேக்கலையே!"

முதலில் சிரித்தது மருமக்கள்தான். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? டிப்போவின் கணவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இத்தனை பேர் முன்னால், அதுவும் அளவில், அவள் தவறியது அதுவே முதல் தடவை.

"நல்லா இருந்த நாடாவை யாரு மாத்தச் சொன்னது?" என்றாள் அக்கா.

"பெரிசை எல்லாம் சுத்தி அரை அரை அங்குலம் வெட்டிட்டா சரியாப் போச்சு" என்றான் தம்பி.

அக்காவின் சதுரத்தை எல்லோரும் பார்த்தார்கள். ஓரம் நெடுகக் கொடி ஓடியது. இலை இலையாக, நரம்பு நரம்பாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் தைத்தது. அரை அங்குலம் வெட்டினால் கொடி முழுவதும் போய்விடும்.

"வெட்டு" என்றாள் அக்கா, டிப்போவைப் பார்த்து. "உன் முறை. நீ சொன்னா சட்டம்." சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து அவளிடமே நீட்டினாள்.

டிப்போ கத்தரிக்கோலை வாங்கவில்லை. நாளை மதியத்துக்குள் போர்வை முடியாவிட்டால் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அது போகட்டும், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆனால் அக்கா அதற்குப் பிறகு என்ன சொல்வாள் என்று அவளுக்கு மனப்பாடம். சீட் தைக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை? நாடாவை மாற்றியதும் அவள்தான், மாட்டிக்கொண்டதும் அவள்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் வாலுவின் மீனைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தது, சட்டம் போட்ட படம் மாதிரி. டிப்போவில் சீட்டுக்குத் துணி பத்தாமல் போனால் அவள் துணியைத் தூக்கிப் போட்டதில்லை. சீட்டை இளைக்க வைத்ததும் இல்லை. சுற்றிலும் வேறு துணியில் பட்டி கொடுப்பாள். இவ்வளவு நேரம் பெரிதை எப்படிச் சின்னதாக்குவது என்றுதானே எல்லோரும் யோசித்தார்கள்?

"யாரோடதையும் வெட்ட வேண்டாம்" என்று எழுந்தாள். "சின்னதுக்குப் பட்டி வைப்போம். நாலு பக்கமும். தையலுக்குக் கால் அங்குலம் போக, எல்லாம் ஒரே அளவுக்கு வந்துடும்."

"பட்டி எவ்வளவு அகலம் வெட்டணும்?" என்று கேட்டார் மாமா.

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். விடை வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஓர் அங்குலம், மாமா. சரியா ஓர் அங்குலம்."

அப்பா நாடாவில் போன அங்குலம் திரும்பி வந்துவிட்டது என்று தம்பி கைதட்டினான். சித்தப்பா, என்ன சொன்னான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார்.

பட்டிக்குத் துணி? எடுத்து வந்ததில் அடித்துணி போக மீதி அத்தனையும் சதுரமாகிவிட்டது. கடைக்குப் போய் வர பஸ் இல்லை. டிப்போ தன் அறைக்குப் போய், வேலையில் போடும் கருநீலக் கோட்டுகள் இரண்டையும் எடுத்து வந்தாள். துவைத்துத் துவைத்துச் சாயம் நின்ற கெட்டிப் பருத்தி. தைக்கும்போது புடவையில் தூசி படாமல் இருக்கட்டும் என்று கொண்டு வந்தவை. மேஜையில் விரித்து, பாக்கெட்டைப் பிரித்து, அவளே முதல் வெட்டு போட்டாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேற கோட்டு குடுப்பாங்க" என்று அவரை முந்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் சின்னச் சதுரம் அத்தனைக்கும் நீலப் பட்டி ஏறிவிட்டது. பெரியவர்களின் பூவும் கொடியும் அப்படியே இருந்தன. பிள்ளைகளின் மீனும் பாதமும், கணவர் தைத்த கோணல் சைக்கிளும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது போல எடுப்பாகத் தெரிந்தன.

ராத்திரியே டிப்போ சதுரங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் அந்த மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தார்கள். அங்கே இன்னொரு வினை. கோட்டுத் துணி ஒன்றோடொன்று சேரும் மூலைகளில் கனம் கூடிவிட்டது. தம்பியின் மிஷினில் டக்கென்று ஊசி ஒடிந்தது. மாற்றினான், அதுவும் ஒடிந்தது. அக்கா தன் மிஷினில் வைத்துப் பார்த்தாள். பட்டு தைத்துப் பழகிய மிஷின். மூலைக்கு வந்ததும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

"இங்க குடுங்க" என்றாள் டிப்போ.

அவள் மிஷின் பழைய கறுப்பு இரும்பு மிஷின், பையும் கோணியும் தைக்கிற கனத்த ஊசி போட்டது. மூலை வந்ததும் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டினாள். ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்கி, துளைத்து, வெளியே வந்தது. அந்த இரும்புக் கைக்குத்தான் அந்த மூலை வழிவிட்டது. வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தாள். போர்வை வளர வளர அதன் பாரம் பின்பக்கம் இழுத்தது. தையல் கோணிவிடுமோ என்று பயந்த நேரத்தில் சட்டென்று பாரம் குறைந்தது. யாரோ பின்னால் வந்து தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். அக்கா நின்றிருந்தாள்.

டிப்போவுக்குக் கண் மறைத்தது. ஒரு குத்து தவறப் பார்த்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தைத்தாள். அக்காவும் துணி நகர நகரக் கூடவே நகர்ந்து வந்தாள். நாலைந்து மூலை தாண்டியதும் கேட்டாள்.

"மூலைக்கு மூலை அது என்னடி, குறுக்க ஒரு தையல் போடுறே?"

"ஆளுங்க எந்திரிக்கும்போது இழுப்பு பூரா மூலைக்குத்தான்க்கா வரும். அங்க விட்டா மொத்த சீட்டும் போச்சு. குறுக்க ரெண்டு தடவ போட்டா விடாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "எல்லா சீட்டுலயும் போடுவேன். பஸ்ல போறப்ப அதப் பாத்தா, நம்ம சீட்டுன்னு எனக்கும் தெரியும்."

"எல்லா சீட்டுலயுமா?"

"ஆமா."

அக்கா துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போதே போர்வை முடிந்துவிட்டது. மாமா ஓரமெல்லாம் இஸ்திரி போட்டார். இரண்டு பேர் மேஜை மேல் ஏறித் தூக்கிப் பிடித்தார்கள். நாலு மூலையையும் சித்தப்பா பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது அந்து போக நாம யாரும் இருக்க மாட்டோம்" என்று சத்தமாகச் சான்றிதழ் கொடுத்தார். தம்பி குழந்தையை அதில் போட்டதும், அது முதல் வேலையாகப் பெரிய அத்தையின் கொடியை வாயில் வைத்துக்கொண்டது.

மதியம் வந்த பஸ்ஸில் எல்லோரும் மிஷின்களை ஏற்றி, ஆளுக்கொரு பக்கம் முட்டி மோதி இடம் பிடித்தார்கள். டிப்போவுக்கு ஜன்னலோரம். முன் சீட்டில் அக்கா, மடியில் போர்வை. அக்காவுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு! நீங்க தச்சதா?"

"நாங்க எல்லாரும் தச்சோம். சேத்து முடிச்சது என் தங்கச்சி" என்றாள் அக்கா. டிப்போ காதைத் தீட்டிக்கொண்டு, வெளியே மரங்களைப் பார்ப்பது போல் இருந்தாள். அடுத்தது என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி என்ன பண்றாங்க?"

அக்கா குனிந்து, தன் சீட்டின் மூலையில் விரலை விட்டுத் தேடினாள். எதுவோ தட்டுப்பட்டது போல விரல் நின்றது.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"எந்திரிங்களேன், சொல்றேன்."

அந்த அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து, காலியான சீட்டின் மூலையில் வைத்து அழுத்தினாள்.

"குறுக்க ஒரு தையல் இருக்குல்ல? நல்லா இழுத்துப் பாருங்க. விடுதா?"

"விடலையே."

"விடாது" என்றாள் அக்கா. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள். "என் தங்கச்சி தச்சது. தையல்காரி."